‘வருகிறோம்’ பட்டன்

“டீச்சர், ஒரு பட்டனை ஆட வைக்கிறது எப்படி?”

வந்ததும் வராததுமாக சண்முகக்கனி கேட்ட கேள்வி இது. ஒரு கால் செருப்பு இன்னும் காலில்தான் கிடந்தது.

“எதுக்கு ஆடணும்?” என்றார் பெனசீர் டீச்சர்.

“பாக்கிறவங்க கண்ணுல குத்தணும். ஆடணும், மினுங்கணும், முடிஞ்சா ஒரு சத்தமும் போடணும். அப்பவாச்சும் உறைக்குதான்னு பாப்போம்.”

டீச்சர் ஒரு வேர்க்கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இந்த இரண்டு பேரும் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிவகாசியில், ஒரு காகிதக் கடைக்கு மேல்மாடியில், ஃபோனுக்கு ஆப் செய்யக் கற்றுத் தருகிறவர் பெனசீர். வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை. பேச்சு குறைவு. வாயைத் திறந்தால் கேள்விதான் வரும்.

அவரிடம் படிக்க வந்தவர்களிலேயே மூத்தவர் சண்முகக்கனி. டீச்சருக்கு அப்பா வயது. கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பதில் ஊரில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தொழில் படுத்துவிட்டதா என்றால் அதெல்லாம் இல்லை, ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. மனிதருக்குச் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான். காகிதத்தில் செய்வதை ஃபோனிலும் செய்து பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

செய்தும் விட்டார். முதல் வேலையே சொந்த மகள் தேன்மொழியின் கல்யாணப் பத்திரிகை. ஆப்பைத் திறந்தால் மேலே பிள்ளையார், நடுவில் மணமக்கள் பெயர், அடியில் ‘வருகிறோம்’ என்று ஒரு பட்டன். உறவுக்காரர் அதை அமுக்கினால், இங்கே கனியின் சட்டைப்பையில் ‘டிங்’ என்று ஒரு மணி அடிக்கும். யார் வருகிறார் என்று பெயரும் விழும்.

சொந்தபந்தத்தின் குரூப்பில் ஆப்பை அனுப்பிவிட்டு, “இனிமே வீடு வீடா வெத்தல பாக்கு தூக்கிட்டு அலையிற சோலியே இல்ல” என்று அறிவித்தார்.

அவர் மனைவி பாக்கியத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். “எங்க ஆளுகளுக்கு நான் நேர்ல போய் வச்சுக்கிடுதேன். உங்க ஆளுகளுக்கு நீங்களாச்சு, உங்க பட்டனாச்சு.”

கனிக்கு ‘உங்க ஆளுகள்’ என்று பெரிதாக ஊர்வலம் ஒன்றும் இல்லை. முக்கியமான ஆள் ஒரே ஒருவர்தான். திருத்தங்கலில் இருக்கும் அண்ணன் தங்கப்பழம்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருஷம் ஆகிறது. சண்டை என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். அண்ணன் மகன் கல்யாணத்தில் கனியை முதல் பந்தியில் உட்கார விடாமல் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்களாம். இலையில் அப்பளம் வேறு உடைந்திருந்ததாம். அதோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர்தான்.

ஆனால் தேன்மொழி பெரியப்பாவின் தோளிலேயே வளர்ந்த பிள்ளை. அவள் தகப்பனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்.

“பெரியப்பா மேடையில நிக்கலைன்னா எனக்கு அது கல்யாணம் மாதிரியே இருக்காதுப்பா.”

அன்றிலிருந்து கனி காலையில் கண் விழித்ததும் ஃபோனைத்தான் பார்க்கிறார். யார் யார் பெயரோ விழுகிறது. தங்கப்பழம் பெயர் மட்டும் இல்லை.

“ஆப்பு அவர் ஃபோனுக்குப் போய்ச் சேந்திருச்சு டீச்சர்” என்றார் இப்போது. “அண்ணன் மகனே ஏத்திக் குடுத்திருக்கான். தினமும் திறந்து பாக்காராம். பாத்துட்டு அமுக்காம இருக்கார். வரலைன்னாக்கூடப் பரவாயில்ல. பாத்துட்டு அமுக்காம இருக்காரே, அதுதான் எனக்கு வலிக்குது.”

“வேற யாராச்சும் அமுக்காம இருக்காங்களா, அண்ணாச்சி?”

“இருக்காங்க. சித்தப்பா மகன் ஒருத்தன். கேட்டா அமுக்கினேன் அமுக்கினேன்னு சாதிக்கிறான். பொய்யி. எனக்கு வரலையே.”

டீச்சர் கடலைத் தோலை ஊதித் தள்ளினார்.

“பட்டன் எங்க இருக்கு?”

“அடியில. அடின்னா அடி. விளிம்போட ஒட்டி.” கனி நெஞ்சை நிமிர்த்தினார். “பத்திரிகையில அச்சகத்துப் பேரு போடுவோம்ல, அந்த இடம். அங்க ஒரு வரியை வெட்டுப்படாம நிறுத்துறதுக்கு ஒரு கை வேணும். அது நம்ம கிட்ட உண்டு.”

“மணி என்ன?”

கனி ஃபோனைப் பார்த்தார். “பதினொண்ணு ஆகப்போகுது.”

“அந்த மணியை நீங்களா ஓட விடுறீங்க?”

“அதெப்படி. ஃபோனு ஓட்டுது.”

“உங்க பிள்ளையார் எங்க இருக்கார்?”

“மேல.”

“மணி எங்க இருக்கு?”

கனி மறுபடியும் பார்த்தார். ஒரு பக்கக் காதின் மேல் மணி. இன்னொரு காதின் மேல் பேட்டரி. தும்பிக்கைக்குப் பக்கத்தில் டவர் கோடு நாலு. இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், கண்ணில் படவே இல்லை.

“பிள்ளையார் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்” என்றார் அசடு வழிய.

“மணி பாக்கிறவங்க?”

டீச்சர் அடுத்த கடலையை உடைத்தார். கனி செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். ஆட்டம், மினுக்கம், சத்தம் எல்லாம் படியிலேயே மறந்துபோயிற்று.

மறுநாள் ராஜா மாதிரி வந்தார்.

“முடிச்சுட்டேன் டீச்சர். மேல ஃபோனுக்கு உண்டானதை ஃபோனுக்கு விட்டாச்சு. கீழயும் விட்டாச்சு. நம்ம எல்லைக்குள்ள நாம.”

டீச்சர் வாங்கிப் பார்த்தார். குங்குமச் சிவப்பில் அழகான பத்திரிகை. மேலே ஒரு வெள்ளைப் பட்டை, கீழே ஒரு வெள்ளைப் பட்டை. நல்ல பட்டுச்சேலையில் இரண்டு பக்கமும் யாரோ துணி ஒட்டுப்போட்டது போல இருந்தது.

“உங்க அச்சகத்துல இப்படித்தான் அடிப்பீங்களா?”

கனிக்குச் சுருக்கென்றது. வண்ணம் விளிம்பு வரை ஓட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே பெயர் எடுத்த மனிதர். “விடச் சொன்னீங்களே” என்றார்.

“நான் சொன்னேனா?”

யோசித்துப் பார்த்தால் அவர் எதையுமே சொல்லவில்லைதான்.

மதியம் ஆயிற்று. படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் அந்த அறையிலேயே பாய் விரித்துச் சாப்பிடுவது வழக்கம். டீச்சர் புதுப்பாய் ஒன்றைக் கனியின் கையில் கொடுத்தார்.

“விரிங்க, அண்ணாச்சி.”

கனி விரித்தார். பாய் நீளமான பாய். சுவரோரம் நான்கு கால் வைத்த இரும்பு பீரோ ஒன்று நின்றது. பீரோ வந்ததும் பாயை அதோடு நிறுத்தி, மிச்சத்தை மடக்கிச் சுருட்டி வைத்தார். நடுவில் ஒரு மேடு எழும்பிற்று.

“ஏன் மடக்கிட்டீங்க?”

“பீரோ நிக்குதே.”

டீச்சர் காலால் அந்தச் சுருளை ஒரு தள்ளுத் தள்ளினார். பாய் பீரோவுக்கு அடியில் விரிந்து ஓடிச் சுவரில் போய் முட்டியது. மேடு காணாமல் போயிற்று.

“பாய் பீரோவுக்கு அடியில போகலாமா?”

“தாராளமா.”

“நீங்க?”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். கனியின் உடம்பு அப்படி. பீரோவுக்கு அடியில் அவர் ஒரு கையைக்கூட நுழைக்க முடியாது.

கனி பாயைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். பிறகு, சோற்றுத் தூக்கைத் திறக்காமலே லேப்டாப்பைத் திறந்தார்.

“சாப்பிட்டுட்டுச் செய்யுங்க” என்றார் டீச்சர்.

“சோறு எங்க போகுது.”

அரை மணியில் முடித்துவிட்டார். சிவப்பு இப்போது மேல் விளிம்பு முதல் கீழ் விளிம்பு வரை ஓடியது. மணிக்கு அடியிலும் சிவப்பு, கீழே ஃபோன் போட்டிருக்கும் மெல்லிய கோட்டுக்கு அடியிலும் சிவப்பு. பிள்ளையார் மட்டும் ஒரு படி இறங்கி வந்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். பட்டன் ஒரு படி ஏறி நின்றது.

கனிக்குத் தலைகால் புரியவில்லை. ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்க் காட்டினார். சாம்பார் கையோடு ஒருத்தன் தொடப் போக, “தொடாம பாருடா” என்று அதட்டினார். ஆறிப்போன சோற்றை அன்றைக்கு அவர் சாப்பிட்ட ருசியை, பாக்கியத்தாய் பார்த்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள்.

“எவ்வளவு தள்ளி வச்சீங்க?” என்று டீச்சர் கேட்டது அவர் கை கழுவிக்கொண்டு வந்த பிறகுதான்.

கனி பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். ஆமாம், ஃபோனின் மேல் ஸ்கேலை வைத்து அளந்திருக்கிறார். பத்திரிகைக்காரர்தானே, மார்ஜினைக் கண்ணால் போடுகிற ரகம் இல்லை.

“மேல அஞ்சு மில்லி. கீழ மூணு. இம்மி பிசகாது.”

டீச்சர் தலையை ஆட்டினார். பிறகு வகுப்பைப் பார்த்து, “எல்லாரும் ஃபோனைக் குடுங்க. அண்ணாச்சி ஆப்பை ஏத்துங்க” என்றார்.

முதல் ஃபோனில் கேமராவுக்கு என்று நடுவில் ஒரு துளை இருந்தது. ஃபோன் செய்தவர்கள் மேலே அதற்காக நிறைய இடம் பிடித்திருந்தார்கள். அந்தத் துளை நேராகப் பிள்ளையாரின் தொப்புளில் போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஃபோனில் கேமராவின் கறுப்புப் பட்டை பிள்ளையாரின் தலையை மறைத்தது. இன்னொன்றில் பையன் ஃபோனைப் படுக்கைவசத்தில் திருப்ப, மணமகன் பெயரில் பாதியைக் காணோம்.

“மாப்பிள்ளை வீட்டுல இதைப் பாத்தா அவ்வளவுதான்” என்று முனகினார் கனி.

கடைசியாக எஸ்தர் என்ற பெண்ணின் ஃபோன். அதன் அடியில் மெல்லிய கோடு இல்லை. முக்கோணம், வட்டம், சதுரம் என்று மூன்று குறிகள் வரிசையாக நின்றன. வட்டத்துக்கு நேர் அடியில், பாதி முகம் காட்டிக்கொண்டு, ‘வருகிறோம்’.

கனி அமுக்கினார்.

விரல் வட்டத்தில் பட்டு, பத்திரிகை மூடிக்கொண்டது. எஸ்தர் முகப்புப் படமாக வைத்திருந்த அவள் நாய்க்குட்டி நாக்கை நீட்டிக்கொண்டு திரையில் நின்றது.

மறுபடி திறந்து அமுக்கினார். மறுபடியும் நாய்க்குட்டி.

வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கனியும் சிரித்தார். “கல்யாணத்துக்கு வரியான்னு கேட்டா நாயை அவுத்து விடுதே” என்று அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

“அளந்துதான வச்சேன் டீச்சர்” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“எதை அளந்தீங்க?”

“என் ஃபோனை.”

“கல்யாணத்துக்கு உங்க ஃபோனா வரப்போகுது?”

கனியின் சிரிப்பு நின்றது. ஸ்கேலை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

“சரி டீச்சர், நீங்களே சொல்லுங்க. கீழ எவ்வளவு விடணும்?”

“எனக்குத் தெரியாது.”

கனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதைக் கேட்டாலும் டீச்சருக்குத் தெரியும் என்று நம்பி மாதக்கணக்கில் மாடியேறி வருகிறவர் அவர்.

“உங்களுக்கே தெரியாதா? அப்ப யாருக்குத்தான் தெரியும்?”

டீச்சர் எஸ்தரின் ஃபோனைத் தூக்கிக் காட்டினார். “இதுக்குத் தெரியும்.”

“ஃபோனுக்கா?”

“அது பிடிச்சு வச்சிருக்கிற இடம் எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாதா?”

சொல்லிவிட்டு, கனியின் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து நாலைந்து வரி எழுதினார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆப் திறக்கும்போதெல்லாம் அந்த ஃபோனிடம் கேட்கும்: மேலே நீ எவ்வளவு எடுத்திருக்கிறாய், கீழே எவ்வளவு, பக்கத்தில் எவ்வளவு? ஃபோன் சொல்லும். சொன்ன அளவுக்கு எழுத்தும் பட்டனும் ஒதுங்கிக்கொள்ளும். சிவப்பு மட்டும் தன் போக்கில் விளிம்பு வரை ஓடும். ஃபோனைத் திருப்பிப் பிடித்தால் மறுபடியும் கேட்கும்.

“கேட்டாச் சொல்லிருமா?” என்றார் கனி. நம்ப முடியவில்லை அவருக்கு.

“சொல்றதுக்குக் காத்துக்கிட்டேதான் இருக்கு. நீங்கதான் கேக்கலை.”

எஸ்தரின் ஃபோனில் பட்டன் எழும்பி, மூன்று குறிகளுக்கும் மேலே பளிச்சென்று வந்து நின்றது. எஸ்தரே அமுக்கினாள். கனியின் சட்டைப்பையில் டிங்.

துளை வைத்த ஃபோனிலும் பார்த்தார்கள். பிள்ளையார் துளைக்குக் கீழே முழு உருவமாக வந்து உட்கார்ந்துவிட்டார். படுக்கைவசத்தில் மாப்பிள்ளையும் பாதி உடம்பு தேறி முழு ஆளானார்.

கனிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஃபோனை வைத்து இன்னொரு ஃபோனை எடுத்தார். நிமிர்த்தினார், கவிழ்த்தார், படுக்க வைத்தார். எந்தப் பக்கம் போனாலும் பட்டன் அதற்குத் தக்கபடி நகர்ந்து நின்றது. “அட, அட” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிள்ளைகளுக்கெல்லாம் டீ வாங்கிவரச் சொன்னார்.

டீ வந்தது. டம்ளரை ஊதிக்கொண்டே டீச்சர் கேட்டார்.

“உங்க அண்ணன் வச்சிருக்கிறது என்ன ஃபோன்?”

கனி டம்ளரை வாய்க்குக் கொண்டு போனவர் அப்படியே நின்றார்.

“தெரியலையே.”

“கீழ ஒரு கோடா, மூணு குறியா?”

“தெரியல டீச்சர்.”

கனியின் முகத்தில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா மகன் ‘அமுக்கினேன்’ என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னது, எஸ்தரின் நாய்க்குட்டி, தினமும் திறந்து பார்க்கிறார் என்று அண்ணன் மகன் சொன்னது, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

“புது ஆப்பைக் குரூப்புல போட்டுட்டா, அவரா ஏத்திக்கிட மாட்டாரா?” என்று கேட்டார் சின்னக் குரலில்.

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய், கனியின் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை அணைத்தார்.

சிவகாசி வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார யாரால் முடியும்? கனி லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார். டீயைக் குடிக்கவே இல்லை.

திருத்தங்கல் வண்டியில் போனால் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். அந்தத் தூரத்தைத்தான் இத்தனை வருஷமாக அவரால் கடக்க முடியவில்லை. வழியில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தித் திரும்பிவிடலாமா என்று யோசித்தார். மூன்று குறி இல்லாமல் கோடாக இருந்துவிட்டால்? அண்ணன் பார்த்துவிட்டு வேண்டுமென்றேதான் அமுக்காமல் இருந்தார் என்று ஆகிவிட்டால்? அதைத் தெரிந்துகொண்டு மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

வண்டி எப்படியோ அண்ணன் வாசலில் போய் நின்றுவிட்டது.

மதினிதான் முதலில் பார்த்தாள். கையில் இருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டு, “வாங்க தம்பி, வாங்க” என்று நிலைப்படி வரை வந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

உள்ளே டிவிக்கு முன்னால் நாற்காலியில் தங்கப்பழம். தம்பியைப் பார்த்தார். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

என்ன பேசுவது என்று வழி நெடுக யோசித்து வைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வாயில் வந்தது இதுதான்:

“அண்ணே, ஃபோனைக் குடு.”

தங்கப்பழம் மனைவி பக்கம் திரும்பினார். “வந்தவருக்கு என்ன வேணுமாம்?”

“ஃபோன் வேணுமாம்” என்றாள் மதினி.

“இவருட்ட ஃபோன் இல்லாமயா இருக்கு? எதுக்காம்?”

“எதுக்குன்னா சொல்வாக? குடுங்களேன்.”

ஃபோன் அண்ணன் கையிலிருந்து மதினி கைக்கு வந்தது, மதினி கையிலிருந்து தம்பி கைக்கு. இரண்டு கைக்கும் நடுவே நாலடி தூரம்கூட இல்லை.

கனி கீழே பார்த்தார். முக்கோணம், வட்டம், சதுரம்.

ஆப்பைத் திறந்தார். அவர் கையாலேயே செய்த குங்குமச் சிவப்புப் பத்திரிகை. முதன்முதலில் அனுப்பியது. வட்டத்தின் கீழே நசுங்கிக் கிடந்தது ‘வருகிறோம்’.

அதன் மேல் விரலை வைக்கப் போனார்.

“அதைத் தொடாதீங்க தம்பி” என்றாள் மதினி. “வெளிய தள்ளிரும். தினம் காலைல காப்பி குடிச்ச கையோட அவுக அதைத்தான் அமுக்குவாக. தினமும் வெளிய தள்ளுது. அவுகளும் விட மாட்டேங்காக.”

“நீ சும்மா கிட” என்றார் தங்கப்பழம்.

“நான் எதுக்குச் சும்மா கிடக்கணும்? சாயங்காலமும் ஒரு தடவை அமுக்கிப் பாக்கிறது இல்லையா நீங்க?”

தங்கப்பழம் டிவியை அணைத்தார். இப்போதுதான் தம்பி முகத்தை நேராகப் பார்த்தார்.

“வாரேன்னு அமுக்கினா வெளிய போங்குது. அப்படி ஒரு பட்டனைச் செய்ய இந்த ஜில்லாவிலேயே உன் ஒருத்தனாலதான்டா முடியும். கூப்பிட்ட மாதிரியும் இருக்கணும், வந்த மாதிரியும் ஆகக் கூடாதுன்னு செஞ்சிருக்கான்னு நெனச்சேன்.”

கனி தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விட்டார்.

“அண்ணே, அது என் தப்புண்ணே. என் ஃபோனை மட்டும் அளந்து செஞ்சுட்டேன். உன் ஃபோனைக் கேக்கவே இல்ல.”

“ஃபோனைக் கேக்கிறதா? என்னடா உளறுத?”

“இரு. ரெண்டே நிமிஷம்.”

லேப்டாப்பைத் திறந்து, வயரை மாட்டி, புது ஆப்பை ஏற்றினார். வயரைத் தலைகீழாக மாட்டி மாட்டி எடுத்ததில் இரண்டு நிமிஷம் பத்து நிமிஷம் ஆயிற்று. தங்கப்பழம் சுவர்க் காலண்டரைப் பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டு, கண்ணாடிக்கு மேலாகத் தம்பியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி காப்பி போடப் போனவள் போடாமலே திரும்பி வந்து நின்றாள்.

பத்திரிகை திறந்தது. சிவப்பு மூன்று குறிகளுக்கும் அடியில் ஓடி விளிம்பைத் தொட்டது. பட்டன் அவற்றுக்கு மேலே, எதிலும் படாமல், தனியாக நின்றது.

“ஏறிருச்சே” என்றார் தங்கப்பழம்.

“அமுக்குண்ணே.”

“தள்ளாதுல்ல?”

“அமுக்கு.”

தங்கப்பழம் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு அமுக்கினார்.

கனியின் சட்டைப்பையில் டிங்.

எடுத்துப் பார்த்தார். ‘தங்கப்பழம், திருத்தங்கல். வருகிறோம்.’ எத்தனையோ ஆயிரம் பேரின் பெயரை அழகழகான எழுத்தில் அச்சுக்குக் கொடுத்தவர் அவர். இந்த ஒரு பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதாயிற்று. கண்ணில் தண்ணீர்.

அதற்குள் ஃபோன் அடித்தது. தேன்மொழி. வீட்டில் அவள் ஃபோனிலும் பெயர் விழுந்திருக்கிறது. அவள் பேசியது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பின்னால் பாக்கியத்தாய் யாரிடமோ சத்தமாகச் செய்தி சொல்லிக்கொண்டிருப்பது மட்டும் நன்றாகக் கேட்டது.

டிங்.

தங்கப்பழம் மறுபடியும் அமுக்கியிருந்தார்.

“ஒரு தடவை போதும்ண்ணே.”

டிங். டிங்.

“இத்தனை நாள் அமுக்கினதுக்கு எல்லாம் வரட்டும்” என்றார் தங்கப்பழம். மதினியும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். பிறகுதான் அவளுக்குக் காப்பி நினைவு வந்து உள்ளே ஓடினாள்.

அண்ணனும் தம்பியும் தனியாக இருந்தார்கள். கனி வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்றி முடித்த வயரை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

“ஏண்ணே.”

“என்னடா?”

“நான் வெளிய தள்ளுதேன்னுதான நெனச்ச?”

“ஆமா.”

“அப்புறமும் எதுக்கு தினமும் அமுக்கின?”

தங்கப்பழம் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

“நீ கூப்பிட்டிருந்தியேடா” என்றார்.